பட்டுக்கடைக்கு வந்த தோழி

பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதுகு இரண்டு வேண்டும்: குனிந்து புடவை எடுக்க ஒன்று, முதலாளி தட்டிக்கொடுக்க ஒன்று. முதல் முதுகு எனக்கு எப்போதோ தேய்ந்துவிட்டது. இரண்டாவது இன்னும் பெட்டி பிரிக்காமல் புத்தம் புதிதாக இருக்கிறது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. அதில் முதல் மாடி, அதாவது முகூர்த்தப் புடவை மாடி, என் பொறுப்பு. கலா மேடம் என்றால் மாடி முழுக்கத் தெரியும். நான் கத்தினால் கீழே செருப்பு விடும் இடம் வரைக்கும் தெரியும். உங்களுக்கும் மேலே ஒருத்தர், கீழே பத்துப் பேர் என்று வேலை அமைந்திருந்தால் நீங்களும் என் இனம்தான். மேலே இருந்து வருவதை வாங்கிக் கீழே கொடுப்பதற்குள் நடுவில் இருப்பவருக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெரிய முதலாளி ஓய்வுக்குப் போனதும் கடை அவர் மகள் ஹரிணியின் கைக்கு வந்தது. நல்ல பெண், நிர்வாகம் படித்தவர். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவிலேயே, எங்களுக்கு எதிரே, ஒரு பெரிய கடையைத் திறந்தார்கள். எங்கள் மாடியிலிருந்து இரண்டு பெண்கள் அங்கே போய்விட்டார்கள். ஏன் போனீர்கள் என்று ஹரிணி போன் செய்து கேட்டிருக்கிறார். சம்பளம் எல்லாம் ஒன்றுதான், இங்கே மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் கடையில் மரியாதையாகப் பேசாதவர் யார் என்று அவர்கள் பெயர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மறுவாரமே 'தோழி' வந்தது. அது செயற்கை நுண்ணறிவு ஆப். எல்லோர் போனிலும் ஏற்றினார்கள். ஊழியர்களின் மனசை அது கண்டுபிடிக்குமாம், லீவு கொடுக்குமாம், அவர்களிடம் பரிவாகப் பேசுவது எப்படி என்று எனக்குக் கற்றுத்தருமாம். வைகாசி முகூர்த்தங்கள் முடிவதற்குள் ஆட்களுக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம் வர வேண்டும், வராவிட்டால் மாடியைத் தோழியே பார்த்துக்கொள்ளும், நான் குடோனுக்குப் போய் ஸ்டாக் பார்க்கலாம் என்று ஹரிணி ரொம்ப மரியாதையாகச் சொன்னார். குடோன் என்பது பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே பேச்சுத்துணைக்குப் பல்லிதான் உண்டு. இத்தனை வருஷம் மனிதர்களோடு கத்திப் பழகிய நான் பல்லியிடம் எதைக் கத்துவது?

நலம் விசாரித்தேன்

முதல் நாள் காலை தோழி எனக்குப் பாடம் அனுப்பியது. ஒவ்வொருவரையும் தனியாக அழைக்க வேண்டும். கண்ணைப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை புன்னகைக்க வேண்டும். சரி, சிரிப்பதற்குக் காசா பணமா என்று முதலில் தேவராஜைக் கூப்பிட்டேன். தேவராஜ் எங்கள் மாடியின் மூத்த சேல்ஸ்மேன். பெரிய மீசை. ஆனால் முந்தானையைத் தன் தோளில் போட்டு அவர் லேசாகத் திரும்பிக் காட்டினால் அந்த மீசையையும் மீறி மணப்பெண் தெரிவாள்.

கண்ணாடி அலமாரி பக்கம் நிறுத்திவைத்து, எப்படி இருக்கீங்க தேவராஜ் என்று கேட்டுப் புன்னகைத்தேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. நல்லாத்தான் இருக்கேன் என்று முனகினார். தோழி சொன்னபடி நான் மேலும் புன்னகைத்தேன். தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வெகுநேரம் வரவில்லை. மத்தியானத்துக்குள் கடையை விற்கப்போகிறார்கள், இல்லை, பாதி ஆட்களை நிறுத்தப்போகிறார்கள், இல்லை, கலா மேடத்துக்கு ஏதோ பெரிய வியாதி என்று மூன்று வதந்திகள் மாடியிறங்கிப் பக்கத்துக் கடை வரை போய்விட்டன. சாயங்காலம் பத்துப் பேரும் கூட்டமாக என் முன்னால் வந்து நின்றார்கள். தேவராஜ்தான் பேசினார்.

"மேடம், சீட்டு கிழிக்கறதுன்னா நேரா கிழிச்சிடுங்க. இப்படி சிரிச்சிக்கினே பாத்துக்கினு இருந்தா பயமா இருக்குது."

ஐந்து மூஞ்சிகள்

தினமும் காலையில் தோழி எல்லோருக்கும் ஐந்து மூஞ்சிகளைக் காட்டும். பல் தெரியச் சிரிப்பதில் ஆரம்பித்து அழுகை வரை. அன்றைய மனநிலை எதுவோ அந்த மூஞ்சியை அமுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பில் கவுண்டரில் இருக்கும் ரஹ்மத்திடம் எல்லோரும் போனைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவள் வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சியை அமுக்கிவிட்டுப் பில் போடப் போவாள். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு சந்தோஷமான ஊழியர்கள் எங்கும் இல்லை என்று தோழி ஹரிணிக்குத் தகவல் அனுப்பியது.

ஒரு நாள் ரஹ்மத் லீவு. அன்றைக்குப் பார்த்து தோழி என் போனில் சிவப்பாக மின்னியது. உங்கள் குழுவில் ஒருவர் ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார், பெயர் சரண்யா, உடனே அருகில் செல்லவும். புதிதாகக் கல்யாணமான பெண். மாமியாரா, மாப்பிள்ளையா, என்ன கொடுமையோ என்று அவளை ஓட்டலுக்கு அழைத்துப்போய் காபி வாங்கிக்கொடுத்தேன். வாழ்க்கை பெரியது, எதற்கும் மனசைத் தளரவிடக் கூடாது, உனக்கு நான் இருக்கிறேன் என்று பேசிப் பேசி, கடைசியில் நான்தான் அழுதேன். சரண்யா எனக்குக் கர்ச்சீப் கொடுத்தாள். அந்த நீலச் சொட்டு விடுகிற மூஞ்சியை ஏன்மா அமுக்கினே என்று விக்கிக்கொண்டே கேட்டேன்.

"அது அழுவற மூஞ்சியா மேடம்? நான் வேர்க்கிற மூஞ்சின்னு இல்ல நெனச்சேன், என் தலைக்கு மேல ஃபேன் ஓடலன்னு எத்தினி நாளா சொல்லிக்கினு இருக்கேன்."

கண்ணை மூடிய நேரம்

அடுத்து மூச்சுப் பயிற்சி. தினமும் பதினொரு மணிக்கு எல்லோர் போனிலும் ஒரே நேரத்தில் கிணிகிணி என்று மணி அடிக்கும். எங்கே இருந்தாலும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடி, மறுமணி அடிக்கும்வரை அமைதியாக மூச்சு விட வேண்டும். வியாபாரம் டல்லான நாட்களில் அது சுகமாகக்கூட இருந்தது. சிலர் நின்றபடியே தூங்கினார்கள்.

வைகாசி பிறந்தது. செய்யாற்றிலிருந்து ஒரு வேன் நிறையக் கல்யாணக் கூட்டம். வெள்ளை விரிப்பு நிறைய உட்கார்ந்துவிட்டார்கள். பெண் வீட்டார் மாம்பழ மஞ்சள் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் அரக்குதான் என்றார்கள். மணப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, இந்தச் சம்பந்தமே சரியில்லை என்கிற இடத்துக்கு வந்தபோது கிணிகிணி என்றது. எங்கள் ஆட்கள் பத்துப் பேரும், கையில் இருந்த புடவையைப் போட்டுவிட்டு, எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினார்கள். நானும்தான்.

மாடியில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மணப்பெண்ணின் அத்தை, கூட்டத்தில் பெரியவர், சட்டென்று எழுந்து தெரு ஜன்னல் பக்கம் திரும்பி, தலைக்கு மேலே கைகூப்பிவிட்டார். அவ்வளவுதான், வேன் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. இது காஞ்சிபுரம் இல்லையா? கோயிலுக்குக் குறைவில்லை, புறப்பாட்டுக்கும் குறைவில்லை. மணிச் சத்தம் வேறு கேட்டுவிட்டது. சாமிதான் வீதியில் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாமா மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ மட்டும் ஆளுக்காகக் கத்திக்கொண்டு நின்றது. மறுமணி அடித்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாமி பார்த்த கையோடு யார் சண்டை போடுவார்கள்? மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்று அத்தையே தீர்ப்புச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சிரித்தே மானம் போயிருக்கும். படியிறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காஞ்சிவரம்னா காஞ்சிவரந்தாம்மா. தெருவுல சாமி வர்றது எங்க கண்ணுக்கே தெரியல, உங்க ஆளுங்க கண்ண மூடிக்கினே பாத்துட்டாங்க."

போன்கள் ராசியான கதை

இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் ஒரு நாள் பிறவிக்குணம் எட்டிப்பார்த்துவிட்டது. ஒரு அம்மாள் கனமான புடவை ஒன்றை எடுக்கிற நேரம். தேவராஜ் குறுக்கே புகுந்து, இது வேணாம்மா, பொண்ணு ஒல்லியா இருக்குது, தூக்கிக்கினு நிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் எதிரில், உன்னை விற்கச் சொன்னேனா, தடுக்கச் சொன்னேனா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். தேவராஜ் முந்தானையைத் தோளில் இருந்து எடுத்து வைத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டார்.

தோழி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? உறவில் விரிசல் என்று சொல்லி, ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தானே எழுதிக் காட்டியது. அமுக்கினால் போய்விடும். அமுக்கினேன். தேவராஜ் போனில் இருந்த தோழி அதைப் படித்து, பதிலையும் தானே எழுதிக் காட்டியிருக்கிறது. அவரும் அமுக்கினார். 'தங்கள் பகிர்தலுக்கு நன்றி. நான் காணப்பட்டதாகவும் கேட்கப்பட்டதாகவும் உணர்கிறேன்' என்று எனக்கு வந்தது. காணப்பட்டாராம், கேட்கப்பட்டாராம்! இது எந்த ஊர்த் தமிழோ. பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்று ஹரிணிக்குத் தோழி பச்சை விளக்கு போட்டுவிட்டது. நாங்கள் இருவரும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எது வேண்டுமானாலும் ரஹ்மத் மூலமாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தோம். தூது போய்ப் போய் அவளுக்கே அலுத்துவிட்டது.

"மேடம், உங்க போனயும் அவரு போனயும் பக்கத்து பக்கத்துல சார்ஜ் போட்டிருக்கேன், ரெண்டும் ராசியாத்தான் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் எப்ப பேசப் போறீங்க?"

கூரம் போன பஸ்

மறுநாள் தேவராஜ் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சொந்தக் காரணம் என்று தோழியிடம் லீவு கேட்டிருக்கிறார். அது உடனே கொடுத்து, கூடவே ஒரு ரோஜாப்பூப் படமும் அனுப்பியிருக்கிறது. எப்போது வருவார் என்று கேட்டேன். அவருக்குத் தேவையான இடைவெளியை அளியுங்கள் என்றது. எதிரே பெரிய கடையில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இடைவெளி கொடுத்தால் அந்த இடைவெளியில் ஆள் எதிர்க்கடைக்குள் நுழைந்துவிடுவார். அவர் போனால் நானும் குடோனுக்குப் போக வேண்டியதுதான். அதைவிட, அவர் இல்லாத அந்த இரண்டு நாளும் மாடி எனக்குப் பிடிக்கவே இல்லை. கத்தவே தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் பிடித்துக் கூரத்துக்குப் போனேன். அங்கேதான் அவர் வீடு. மன்னிப்பாக நாலு நல்ல வார்த்தை பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கஸ்டமர் எதிரில் கத்தினது தப்புதான், அதுக்காக வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வதா, நீயும் திருப்பிக் கத்தித் தொலைக்க வேண்டியதுதானே, நாளைக்கு முகூர்த்தக் கூட்டத்துக்கு யார் தோளில் புடவையைப் போடுவேன், என் தோளிலா என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன். தேவராஜ் எழுந்து அந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது. அவர் மனைவி காபியோடு வந்தார்.

"ரெண்டு நாளா வாசலயே பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறாரு மேடம். கேட்டா பால்காரர் வர்றாரான்னு பாக்கறேன்றாரு, எங்க வூட்டுலயே மாடு இருக்குது."

எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்

வைகாசி முடிந்தது. என்னைப் பற்றி அபிப்பிராயம் எழுதச் சொல்லித் தோழி எல்லோரையும் கேட்டது. ஒரு மத்தியானம் ஹரிணி போனும் கையுமாக மாடியேறி வந்தார். முகம் சரியில்லை. பத்துப் பேர் எழுதியதையும் உரக்கப் படித்தார். 'கலா அவர்கள் பரிவும் அரவணைப்பும் மிக்க முன்னுதாரணத் தலைவர்.' பத்தும் அதேதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாடிக்கே ஏறி வராத வாட்ச்மேன் எழுதியதும் அதேதான். எழுதச் சோம்பல்பட்டு எல்லோரும் தோழியையே எழுதச் சொல்லி அமுக்கியிருக்கிறார்கள். இது செல்லாது, வாயால் சொல்லுங்கள், இப்போதே என் எதிரில் சொல்லுங்கள் என்றார் ஹரிணி. எல்லோரும் அவசரமாகப் புடவை மடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு ஜன்னல் இல்லாத அறையின் வாசனையே வந்துவிட்டது.

காலையில் வந்த கூட்டம் பிரித்துப்போட்ட புடவைகள் மலையாகக் கிடந்தன. பட்டுப்புடவையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, நடந்து வந்து சேர்ந்து, விலகி, மறுபடி சேர வேண்டும். கை வேலையில் இருக்கும், கண் ஜரிகையில் இருக்கும், வாய் தன்னால் திறந்துகொள்ளும். எங்கள் மாடியில் கடன், காதல், மாமியார் எல்லாம் வெளியே வருவது அப்போதுதான். ஹரிணிக்கு இது தெரியாது. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு சரண்யாவின் புடவையில் ஒரு முனையைப் பிடித்தார். கோணலாக மடித்தார். பிரிச்சு மறுபடி மடிக்கணும் மேடம் என்றாள் சரண்யா. மறுபடி மடிக்கும்போது, கலா மேடம் கஸ்டமர் எதிரில் திட்டினால் செத்துவிடலாம் போல இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. தோழி பேசுகிற மாதிரி பேசக் கற்றுக்கொள் என்று தன் வீட்டுக்காரருக்கே போனைக் காட்டியதாக ரஹ்மத் சொன்னாள். இரண்டையும் கேட்டு ஹரிணி தலையாட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த புடவையின் மறுமுனையை தேவராஜ் எடுத்தார்.

"தோழி நல்லாத்தான் பேசுது மேடம், ஒரு நாளும் திட்னது இல்ல. ஆனா அதுகிட்ட கோச்சுக்க முடியல. கோச்சுக்கினு வூட்டுல குந்தினா பூ அனுப்பிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிடுது. வந்து கூப்பிட ஒரு ஆள் வேணும் இல்ல?" என்றார்.

ஹரிணி அந்தப் புடவையை மடித்து முடித்தார்; இந்த முறை கோணல் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, மாடி உங்களுடையதுதான், ஆனால் கஸ்டமர் எதிரில் யாரையும் திட்டக் கூடாது, தோழி குடோனில் ஸ்டாக் எண்ணட்டும் என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "கலாக்கா, நீங்க கோச்சுக்கினா யார் வந்து கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையில் இருந்தது பட்டுப்புடவை. என்னைக் காப்பாற்ற சரண்யாதான் வாயைத் திறந்தாள்.

"நாங்க வருவோம் மேடம். ரெண்டு நாளு நிம்மதியா இருந்துட்டு, அப்பறமா வருவோம்."

ஆக, எங்களை ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வைப்பதற்காக வாங்கிய தோழி தன் வேலையைச் சரியாகவே செய்தது, அதைத் திட்டுவதற்காகவாவது நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் புடவை மடித்துக்கொண்டு பேசினோம்.